என் லினக்ஸ் போர்டு (சிறு கணினிப் பலகை) ‘ஸ்டார்ட்டிங் கெர்னல்’ என்று காட்டிவிட்டு அப்படியே நிற்கிறது. கோளாறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) செத்துவிட்டது என்று உடனே முடிவுகட்டாதீர்கள். பல சமயம் அது நன்றாக ஓடிக்கொண்டுதான் இருக்கும். சீரியல் போர்ட் வழியாக அது பேசுவது நம் காதில் விழாது, அவ்வளவுதான்.

நான் இதில் இரண்டு நாளைத் தொலைத்தவன். பீகிள்போன் பிளாக் என்ற போர்டில் பழைய கெர்னலை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டேன். கெர்னலை ஏற்றிவிடும் யூ-பூட் நிரல் நீங்கள் சொன்ன அதே வரியைக் காட்டியது, பிறகு மயான அமைதி. டிவைஸ் ட்ரீயை (போர்டின் வன்பொருள் விவரக் கோப்பு) நோண்டினேன், கம்பைலரை மாற்றினேன், பாவம், எஸ்டி கார்டைக்கூடச் சந்தேகப்பட்டேன். மூன்றாம் நாள் சும்மா ஈதர்நெட் கேபிளைச் செருகினால் பிங் போகிறது, கெர்னல் உயிரோடுதான் இருக்கிறது! பழைய டிரைவரில் சீரியல் போர்ட்டின் பெயர் டிடிஒய்ஓ0. 8250 டிரைவருக்கு மாறியதும் அது டிடிஒய்எஸ்0 ஆகிவிட்டது. பூட்ஆர்க்ஸில் (யூ-பூட் கெர்னலுக்குக் கொடுக்கும் அமைப்பு வரி) நான் பழைய பெயரையே விட்டிருந்தேன். பழைய பெயரைக் கண்டால் தானே திருத்திக்கொள்ளும் வசதி கெர்னலில் உண்டு. ‘இது எதற்கு’ என்று கான்ஃபிகில் (கெர்னலைக் கட்டும்போது தரும் அமைப்புகள்) அதை அணைத்த புண்ணியவானும் நான்தான்.

ஆகவே முதலில் பூட்ஆர்க்ஸில் கன்சோல் பெயரையும் 115200 என்ற வேகத்தையும் பாருங்கள். கூடவே ‘இயர்லிகான்’ என்பதையும் சேருங்கள். முழு சீரியல் டிரைவர் எழுந்திருக்கும் முன்பே கெர்னல் பேசத் தொடங்கிவிடும். வெறுமனே அந்த ஒரு சொல்லை மட்டும் கொடுத்தால், எந்த போர்ட் என்பதை டிவைஸ் ட்ரீயின் ‘ஸ்டட்அவுட்-பாத்’ வரியிலிருந்துதான் அது எடுத்துக்கொள்ளும். அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். (யுஎஸ்பி சீரியல் கேபிள் 3.3 வோல்ட் வகைதானே? பழைய ஆர்எஸ்-232 கேபிளை நேராகச் செருகினால் சிப் போய்விடும்.)

அப்படியும் சத்தமே இல்லையென்றால் எனக்குப் பிடித்த வித்தை ஒன்று இருக்கிறது. கெர்னல் சொல்ல நினைத்ததெல்லாம் ரேமில் லாக் பஃப்பரில் கிடக்கும். பவரைப் பிடுங்காமல் ரீசெட் பட்டனை மட்டும் அழுத்தி யூ-பூட்டில் நிறுத்துங்கள். அதே பில்டின் சிஸ்டம் மேப் கோப்பில் (கெர்னலில் உள்ள பெயர்களின் முகவரிப் பட்டியல்) ‘லாக்_பஃப்’ என்று தேடினால் சி-யில் தொடங்கும் பதினாறடிமான (ஹெக்ஸ்) முகவரி ஒன்று கிடைக்கும். பீகிள்போனில் ரேம் 8-இல் தொடங்குவதால் அந்த சி-யை 8 ஆக்கி, நினைவகத்தைக் காட்டும் யூ-பூட்டின் ‘எம்டி’ கட்டளையில் கொடுத்துப் பாருங்கள். வலப்பக்கம் எழுத்துகள் ஓடும். வரிகள் ஒட்டிக்கொண்டு வரும், கேஷில் தங்கிவிட்ட கடைசி வரிகள் காணாமலும் போகலாம். ஆனாலும் எந்த டிரைவர் வரை போய் நின்றது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கெர்னல் வாய் திறந்து ‘ஊப்ஸ்’ (அதன் பிழை அறிக்கை) என்று கத்தினால் வேலை சுலபம். அதில் பிசி ரிஜிஸ்டரில் (அப்போது ஓடிய கட்டளையைச் சுட்டுவது) உள்ள முகவரியை, டீபக் தகவலோடு கட்டிய விஎம்லினக்ஸ் (சுருக்கப்படாத கெர்னல்) கோப்புடன் ‘ஆடர்2லைன்’ கருவிக்குக் கொடுத்தால் சி மொழிக் கோப்பின் பெயரும் வரி எண்ணும் வந்துவிடும்.

இயர்லிகான் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியாக வரும் பத்துப் பதினைந்து வரிகளையும் உங்கள் பூட்ஆர்க்ஸையும் கேள்வியில் சேருங்கள், பார்க்கலாம்.