'ஹோல்ட்' என்றால் பிடிப்பதா, வைத்திருப்பதா?

இரண்டும்தான். பெங்களூரு ஆபீஸ் மெயில்களில் நம்மவர்கள் சறுக்குவது வினையின் காலத்தில் (டென்ஸில்). 'ஐ ஹோல்ட் அன் இண்டியன் பாஸ்போர்ட்' என்றால் அது உங்கள் பெயரில் இருக்கிறது. வீட்டு பீரோவில் கிடந்தாலும் சரி. 'ஐ ஆம் ஹோல்டிங்' என்றால் இப்போது கையில் பிடித்திருக்கிறீர்கள். விசா ஃபார்மில் கேட்பது முதலாவதை.

உடைமை என்றாலும் எல்லாவற்றுக்கும் ஒட்டாது. பங்கு, லைசென்ஸ், பட்டம், பதவி, பேங்க் கணக்கு என உரிமையாகவோ ஆவணமாகவோ இருப்பவற்றுக்கே பொருந்தும். பைக்குக்கு 'ஹேவ்' அல்லது 'ஓன்' போதும்.

நாம் பஸ்ஸையும் பிடிக்கிறோம், கம்பியையும் பிடிக்கிறோம். ஆங்கிலத்தில் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸைப் பிடிப்பது 'கேட்ச்'. ஏறியபின் கம்பியைப் பிடித்து நிற்பதுதான் 'ஹோல்ட்'. 'ஹோல்ட் த பஸ்' என்றால் பஸ்ஸைக் கொஞ்சம் நிறுத்தி வை என்று ஆகிவிடும்.

கொள்ளளவுக்கும் இதே சொல்தான்: ஹால் 200 பேரை 'ஹோல்ட்' பண்ணும். சில்க் போர்டு சந்திப்பின் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டால் 'ஹெல்ட் அப்'. மீட்டிங் நடந்தால் 'வாஸ் ஹெல்ட்'. இறந்தகாலம் எப்போதும் 'ஹெல்ட்'. 'ஹோல்டட்' என்று ஒன்று கிடையாது, ஆனாலும் மெயிலில் வந்துகொண்டேதான் இருக்கிறது.