பிஜிபி ரவுட்டர் ஐடி, நெய்பர்: உங்கள் கேள்விகள்

(பிஜிபி: நெட்வொர்க்குகள் தங்களுக்குள் ரூட்டுகளை, அதாவது வழிகளை, பரிமாறிக்கொள்ளும் முறை. ரவுட்டர் ஐடி: அதில் ஒரு ரவுட்டரின் அடையாள எண். நெய்பர்: அதில் நம் ரவுட்டர் பேசும் எதிர் ரவுட்டர்; அந்த இணைப்புதான் செஷன்.)

கேள்வி: ரவுட்டர் ஐடி நான் கொடுக்கவே இல்லை, பிஜிபி ஓடத்தான் செய்கிறது. கையால் போட்டே ஆக வேண்டுமா?

பதில்: போடுங்கள், இல்லாவிட்டால் என்றைக்காவது காலை வாரும். சிஸ்கோவில் நீங்கள் சொல்லாவிட்டால் லூப்பேக் (ரவுட்டருக்குள் மென்பொருளாக மட்டும் இருக்கும் இன்டர்ஃபேஸ்) முகவரிகளில் பெரியதை எடுத்துக்கொள்ளும், லூப்பேக்கே இல்லையென்றால் மற்ற இன்டர்ஃபேஸ்களில் பெரியதை. அப்புறம் யாரோ புதிதாக ஒரு லூப்பேக் சேர்த்திருப்பார்கள், ஆறு மாதம் கழித்து ரீபூட் ஆகும்போது ஐடி மாறி நிற்கும். லூப்பேக் 0-இன் முகவரியையே ஐடியாகக் கொடுத்துவிடுங்கள். ஓடும் ரவுட்டரில் மாற்றினால் எல்லா செஷனும் விழுந்து எழும், அதனால் டிராஃபிக் குறைந்த நேரத்தில் செய்யுங்கள்.

கேள்வி: எங்களிடம் ஐபிவி6 மட்டும்தான். ஐடிக்காக ஐபிவி4 வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். அது வெறும் 32 பிட் எண், புள்ளி வைத்து எழுதுவதால் முகவரி மாதிரி தெரிகிறது. பூஜ்யமாக இல்லாமல், உங்கள் ஏஎஸ்ஸுக்குள் (ஒரே நிர்வாகத்தில் இருக்கும் நெட்வொர்க்) வேறு ரவுட்டரிடம் இல்லாததாக இருந்தால் போதும்.

கேள்வி: அண்ணா, ஒரு விஎம்மை (மெய்நிகர் கணினி) க்ளோன் செய்து ரெண்டு ரவுட்டர் ஆக்கினேன். ரெண்டுமே ரூட் ரிஃப்ளெக்டரோடு (ஒருவரின் ரூட்டை மற்றவர்களுக்கு அனுப்பும் ரவுட்டர்) எஸ்டாப்ளிஷ்டு, அதாவது செஷன் எழுந்துவிட்டது, ஆனால் ஒன்றின் ரூட் மற்றதில் இல்லை.

பதில்: ஐடியும் சேர்ந்து க்ளோன் ஆகியிருக்கும், முதலில் அதைப் பாருங்கள். ரிஃப்ளெக்டர் ஒரு ரூட்டை அனுப்பும்போது, முதலில் கொடுத்த ரவுட்டரின் ஐடியை ஒரிஜினேட்டர் ஐடி என்று ஒட்டி அனுப்பும். வாங்கும் ரவுட்டர் அதில் தன் ஐடியையே கண்டால், நாம் சொன்னதே நமக்குத் திரும்பி வருகிறது என்று தூக்கிப் போட்டுவிடும். செஷன் விழாது, அதுதான் கொடுமை. நானும் ஒரு முறை அரை நாள் இதில் தேடியிருக்கிறேன். இந்த ரெண்டையும் நேரடியாக நெய்பர் ஆக்கியிருந்தால் ஐபிஜிபி (ஒரே ஏஎஸ்ஸுக்குள் ஓடும் பிஜிபி) செஷனே எழும்பாது, உடனே தெரிந்திருக்கும்.

கேள்வி: லூப்பேக்குக்கு லூப்பேக் இபிஜிபி (வேறு ஏஎஸ்ஸோடு ஓடும் பிஜிபி) நெய்பர் கொடுத்தேன், ஆக்டிவ் என்றே நிற்கிறது.

பதில்: ஆக்டிவ் என்றால் இணைப்புக்கு இன்னும் முயற்சி நடக்கிறது, டிசிபி 179 (பிஜிபி பேசும் போர்ட்) கிடைக்கவில்லை என்று பொருள். ரெண்டு பக்கமும் அப்டேட்-சோர்ஸ் லூப்பேக் (செஷன் லூப்பேக் முகவரியிலிருந்தே கிளம்பச் சொல்லும் கட்டளை) போட்டீர்களா? இபிஜிபி பாக்கெட்டின் டிடிஎல் (எத்தனை ஹாப் போகலாம் என்ற எண்ணிக்கை) வழக்கமாக 1, அதனால் அதைக் கூட்டும் மல்டிஹாப் 2-உம் வேண்டும். எதிர்ப்பக்க லூப்பேக்குக்கு ரூட் இருக்கிறதா என்று உங்கள் லூப்பேக்கை சோர்ஸாக வைத்துப் பிங் செய்து பாருங்கள், சும்மா பிங் செய்தால் ஏமாற்றும்.

கேள்வி: எஃப்ஆர்ஆரில் (ஓப்பன் சோர்ஸ் ரவுட்டிங் மென்பொருள்) நெய்பர் எழுந்துவிட்டது, ரூட் எண்ணிக்கை வரவேண்டிய இடத்தில் பாலிசி என்று காட்டுகிறது. பாலிசி இருக்கிறதா என்று பார்க்கும் அந்தச் சோதனையை அணைத்துவிடலாமா?

பதில்: லேபில் அணையுங்கள், வெளி நெய்பரிடம் தயவுசெய்து வேண்டாம். உள்ளே, வெளியே இரண்டுக்கும் ரூட்-மேப் (எந்த ரூட்டை விடலாம் என்ற விதித் தொகுப்பு) இல்லாத இபிஜிபி நெய்பரிடம் ரூட் வாங்காதே, கொடுக்காதே என்று 2017-இல் ஆர்எஃப்சி 8212 (இணையத் தர ஆவணம்) சொன்னதைத்தான் அது செய்கிறது. 2008 பிப்ரவரியில் பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுக்கப் போட்ட ஒரு /24 (256 முகவரிகள் கொண்ட) ரூட், மேலே இருந்த நெய்பர் வடிகட்டாததால் உலகம் முழுக்கப் பரவியது. உங்கள் ப்ரிஃபிக்ஸ் (முகவரித் தொகுதி) மட்டும் வெளியே போக ஒரு ப்ரிஃபிக்ஸ்-லிஸ்ட் எழுதி ரூட்-மேப்பில் கட்டுங்கள், உள்ளே வருவதற்கு மேக்ஸிமம்-ப்ரிஃபிக்ஸும் (எத்தனை வரலாம் என்ற உச்ச வரம்பு) வையுங்கள்.