தோட்டாவைத் திட்டும் முன்: கேள்வி பதில்

துப்பாக்கி பழுது பார்க்கும் ஆர்மரர் வேலையில் முப்பது வருடம் கழித்துவிட்டு இப்போது ராயபுரத்தில் பேரன் சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருக்கிறேன். லைசென்ஸ் உள்ளவர்களும் போட்டிக்குச் சுடுபவர்களும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில். ஒன்று மட்டும் முதலிலேயே: தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று நினைக்காதீர்கள். சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில், ஒன்று உட்கார்ந்திருக்கும். கண்ணால் பாருங்கள்.

பெரம்பூர்: அண்ணே, என்னுடையது .22 பிஸ்டல். பழைய தோட்டாவில் ஒழுங்காக ஓடியது. விலை குறைவு என்று வேறு ஒன்று வாங்கினேன். நாலு சுட்டால் ஒரு காலி கேஸ் (சுட்ட பிறகு மிஞ்சும் கூடு) வெளியே வராமல், அது வெளியேறும் வாயில் நட்டமாக மாட்டி நிற்கிறது. துப்பாக்கி கெட்டுவிட்டதா?

கெடவில்லை தம்பி. .22 பிஸ்டலில் (.22 என்பது அங்குலத்தில் குழலின் சுமாரான அளவு) போல்ட்டை, அதாவது சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் துண்டை, பூட்டிப் பிடிக்க எதுவும் கிடையாது. போல்ட்டின் எடையும் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்கும்தான் அதை மூடி வைத்திருக்கின்றன. வெடிக்கும்போது காலி கேஸே போல்ட்டைப் பின்னால் தள்ளுகிறது. அந்தத் தள்ளு போதவில்லை என்றால் போல்ட் பாதி வழி போய்த் திரும்பிவிடும், வெளியே போக வேண்டிய கேஸ் நடுவில் சிக்கும்.

உங்கள் பிஸ்டல் எந்த வேகத்துக்குச் செய்தது என்று கையேட்டில் பாருங்கள். போட்டிப் பிஸ்டல்கள் பெரும்பாலும் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டிக்கு, அதாவது 2.6 கிராம் குண்டு நொடிக்குச் சுமார் 325 மீட்டர் போவதற்கு, அளவெடுத்துச் செய்தவை. அதைவிட மெதுவான தோட்டா போட்டால் இந்தக் கதைதான். ஹை வெலாசிட்டி போட்டால் நேர் எதிர்: ஓடும், ஆனால் போல்ட் பின்னால் போய் இடித்து இடித்து ஆயுள் குறையும்.

காலி கேஸ் எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். காலடியில் சோம்பலாக விழுந்தால் தள்ளு போதவில்லை. பக்கத்து லேன்காரர் தலையில் விழுந்தால் தள்ளு அதிகம். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

அப்புறம், ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தோட்டாவை மாற்றி, எண்ணெய் போட்டு, ஸ்பிரிங்கையும் மாற்றினால் எதனால் சரியானது என்று கடவுளுக்குக்கூடத் தெரியாது. மேகசின் இரண்டு இருந்தால் அடியில் 1, 2 என்று எழுதிவிடுங்கள். தோட்டா மேல் பழி போட்ட எத்தனையோ வழக்குகளில் குற்றவாளி, உதடு (தோட்டாவைப் பிடித்திருக்கும் மேல் விளிம்பு) வளைந்த ஒரு மேகசின்தான்.

கொளத்தூர், கல்லூரி மாணவி: சார், சில தோட்டா 'டிக்' என்கிறது, வெடிப்பதில்லை. திரும்ப அடித்தால் வெடிக்கிறது.

முதலில், டிக் என்றதும் திறக்காதேம்மா. டார்கெட் பக்கமே நீட்டியபடி 30 விநாடி பிடி. தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு.

இரண்டாம் அடியில் வெடிக்கிறது என்றாயே, அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. .22 குண்டின் மேல் மெழுகு பூசியிருப்பார்கள். அந்த மெழுகும் கரியும் சேம்பரில் படிந்தால் தோட்டா முழுதாக உள்ளே உட்காராது. முதல் அடியின் பலம் அதை உள்ளே தள்ளுவதில் போய்விடுகிறது, இரண்டாவது அடிதான் வெடிக்க வைக்கிறது. சேம்பரைத் துலக்கு. அதற்குப் பிறகும் டிக் என்றால், தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஃபயரிங் பின்னைப் பார்க்கலாம். வீட்டில் காலி சேம்பரில் ட்ரிகர் இழுத்துப் பழகுகிறாயா? .22-இல் ஃபயரிங் பின் நேராகச் சேம்பர் விளிம்பில் அடித்து அதைக் கெடுக்கும் துப்பாக்கிகள் உண்டு. கையேடு அனுமதித்தால் மட்டும் செய்.

மணலி: ஒரு தடவை சத்தம் ரொம்பக் குறைவாக வந்தது, போல்ட்டும் திறக்கவில்லை. கையால் இழுத்து அடுத்ததைச் சுடலாமா?

கூடாது, கூடாது, கூடாது. குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்தது போய் அதை முட்டினால் குழல் வீங்கும், வெடிக்கும். காலி செய்து, ரேஞ்ச் ஆபீசரிடம் கொடுங்கள்.

தண்டையார்பேட்டை: .32 பிஸ்டலில் முழுக் கவசக் குண்டு ஓடுகிறது. நுனியில் குழி உள்ள ஹாலோ பாயின்ட் போட்டால் மேகசினிலேயே மாட்டிக்கொள்கிறது. ஏன்?

நல்ல கேள்வி. உங்கள் பிஸ்டலின் தோட்டா .32 ஏசிபி, அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங் 1899-இல் வடிவமைத்தது. அதன் அடிவிளிம்பு உடலைவிடச் சுமார் அரை மில்லிமீட்டர் அகலம். மேகசினில் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். ஹாலோ பாயின்ட் தோட்டா பொதுவாகக் கொஞ்சம் குட்டை. மேகசினில் முன்னே பின்னே ஆட இடம் கிடைக்கும். சுடும் அதிர்ச்சியில் மேல் தோட்டா பின்னால் நகர்ந்து அதன் விளிம்பு கீழதன் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால் இரண்டும் கொக்கி போட்டுக்கொள்ளும். போல்ட் முட்டினாலும் ஒன்றும் நகராது. இது துப்பாக்கிக் கோளாறு இல்லை, நீளக் கணக்கு. தயாரிப்பாளர் சொன்ன நீளத் தோட்டாவுக்குத் திரும்புங்கள்.

மாதவரம்: என் அப்பாவின் .32 ரிவால்வர் தோட்டா மிச்சம் இருக்கிறது. பிஸ்டலில் போடலாமா?

கூடாது. பெயரில் .32 இருந்தால் சொந்தக்காரன் ஆகிவிடாது. ரிவால்வர் கேஸ் 23 மில்லிமீட்டருக்கு மேல், பிஸ்டல் கேஸ் 17. மாற்றிப் பிஸ்டல் தோட்டாவை ரிவால்வரில் போடுவதும் வேண்டாம். அழுத்தம் அதிகம்.

எண்ணூர்: உப்புக் காற்றில் துரு பிடிக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். சில நாள் போல்ட் மந்தமாக ஓடுகிறது.

தோட்டாவை ஏன் திட்டுகிறீர்கள், எண்ணெயைத் திட்டுங்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும். ரேஞ்சில் ஏசி போட்டால் ஸ்பிரிங் வெண்ணெய்க்குள் ஓடுகிறது.  தோல் உறைக்குள் வைத்துப் பூட்டுவதும் வேண்டாம், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

திருவொற்றியூர்: தம்பி, நாற்பது வருடமாகத் தேங்காய் எண்ணெய்தான். ஒரு துரு இல்லை.

துரு இல்லை என்பதை நம்புகிறேன் அண்ணே. நான் பேசுவது ஓடுவதைப் பற்றி.

திருவொற்றியூர்: எங்கள் ஊரில் எப்போது உறைந்தது தேங்காய் எண்ணெய்?

மார்கழி விடியலில் குளியலறைப் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள்.

வியாசர்பாடி: அண்ணே, பெரியவர் சொல்வது சரிதான். எண்ணெய் நிறையப் போட்டால் உறைந்தாலும் வேலை செய்யும்.

நிறையப் போட்டால் கரியும் தூசியும் சேர்ந்து சேறு. ஒரு சொட்டு போதும். தோட்டா மேல் எண்ணெய் படவே கூடாது, அடிபட்டதும் தீப்பற்ற வைக்கும் மருந்தான ப்ரைமர் செத்துவிடும். ஊடுருவும் ஸ்ப்ரே வகை அதைவிட மோசம்.

கொருக்குப்பேட்டை: .22-இல் காலி கேஸ் மாட்டுகிறது...

பெரம்பூருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

புளியந்தோப்பு: காலி கேஸ் வாயில் நட்டமாக நிற்கிறது, தோட்டா மாற்றினேன்...

பெரம்பூர். மேலே. முதல் கேள்வி.

வியாசர்பாடி: வீடியோவில் ஸ்பிரிங்கை ஒரு சுற்று வெட்டிக் காட்டுகிறார்கள்.

வெட்டாதீர்கள். ஆயுதச் சட்டம், 1959-இன்படி பழுது பார்ப்பதற்கே தனி லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் பெற்ற கடைக்காரரிடம் கொண்டு போங்கள், காலி செய்து, சேம்பரைப் பார்த்துவிட்டு.

பெயரும் ஊரும் சொல்லாதவர்: லைசென்ஸ் இல்லாமல் தோட்டா எங்கே கிடைக்கும்?

இங்கே கிடைக்காது. வேறெங்கும் தேடாதீர்கள்.

கொளத்தூர் மாணவி மறுபடியும்: சார், சேம்பரைத் துலக்கினேன், சரியாகிவிட்டது. போட்டியில் இப்படி நடந்தால்?

திறக்காதே, சேஃப்டியைக்கூடத் தொடாதே. டார்கெட் பக்கம் நீட்டியபடி மற்றக் கையைத் தூக்கு. அதிகாரி பார்ப்பதற்குள் நீ இழுத்துத் திறந்துவிட்டால் அது உன் தவறாகப் போகும்.

திருவொற்றியூர்: தம்பி, பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்த்தேன். கட்டி. துப்பாக்கி எண்ணெய் கிடைக்காவிட்டால் என்ன செய்வது?

தையல் மெஷின் எண்ணெய் போடுங்கள் அண்ணே. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் தையல் சாமான் கடையில் கேட்டால் தருவார்கள். பழைய எண்ணெயை முழுதாகத் துடைத்துவிட்டு, ஒரே ஒரு சொட்டு.