ஆண்டுக் கணக்கும் மணிக் கணக்கும் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இயந்திரப் பொறியியலில் இளநிலைப் படிப்பை முடிக்கும் கட்டத்தில் இருக்கிறேன். ஆற்றல் மேலாண்மையும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலும் சேர்ந்த இரண்டாண்டு முதுநிலைப் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. பாடத்திட்டத்தில் வெப்ப இயக்கவியல், மின் இயந்திரங்கள், சூரிய ஆற்றல், காற்றாற்றல், ஆற்றல் தணிக்கை, திட்டப் பொருளாதாரம், சட்டம் என எல்லாம் இருக்கின்றன. "நுனிப்புல் மேய வைப்பார்கள், எதிலும் ஆழம் இருக்காது" என்று மூத்த மாணவர் ஒருவர் சொன்னதிலிருந்து குழப்பமாக இருக்கிறது.

இதில் எதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை கூடவே வரும்? ஆய்வேட்டுக்கு எப்படித் தலைப்பைத் தேர்ந்தெடுப்பது? மின்னியலில் நான் பலவீனம், சமாளிக்க முடியுமா? நேரம் கிடைக்கும்போது பதில் எழுதினால் மகிழ்வேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த மூத்த மாணவர் சொன்ன ஆபத்து உண்மையானதுதான். ஏழு பாடங்களை ஏழு தனித்தனிப் பெட்டிகளாகப் படித்துத் தேர்வெழுதி வெளியே வருகிறவர்கள் பலர். சூரியத் தகடு பற்றிக் கேட்டால் சொல்வார்கள், பாய்லர் பற்றிக் கேட்டாலும் சொல்வார்கள். "இந்தக் கட்டடத்துக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டால் திகைப்பார்கள். இந்தப் பெட்டிகளைக் கோக்கும் நூல் ஒன்று உண்டு. அது நேரம். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி. ஒவ்வொரு மணியிலும் எவ்வளவு ஆற்றல் தேவைப்படுகிறது, எவ்வளவு கிடைக்கிறது என்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாடத்திட்டம் முழுவதும் ஒரே பாடமாகிவிடும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு குளிர்பதனக் கிடங்கு ஆண்டுக்கு 1,20,000 யூனிட் (ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி) மின்சாரம் செலவழிக்கிறது. இரவும் பகலும் ஏறத்தாழ ஒரே சுமை. ஒரு கிலோவாட் சூரியத் தகடு ஆண்டுக்கு 1,500 யூனிட் தரும் இடம் அது. 80 கிலோவாட் தகடு போட்டால் 1,20,000 யூனிட் கிடைக்கும். ஆண்டுக் கணக்கில் தேவையும் உற்பத்தியும் சமம். இனி மணிக் கணக்குக்கு வாருங்கள். 1,20,000-ஐ 8,760-ஆல் வகுத்தால் கிடங்கின் சராசரிச் சுமை 13.7 கிலோவாட். வெயில் உருப்படியாக இருக்கும் நேரம் நாளுக்கு 10 மணி என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் கிடங்கு உட்கொள்ளக்கூடியது 137 யூனிட். ஆண்டுக்குச் சுமார் 50,000. மீதி 70,000 யூனிட்டுக்கு வேறு வழி காண வேண்டும். மின்கட்டமைப்புக்கு விற்கலாம், மின்கலத்தில் சேமிக்கலாம், இல்லையென்றால் தகட்டின் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கும் இன்வெர்ட்டர் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். மின்கலம் என்றால் இரவின் 14 மணி நேரத்துக்கு 192 யூனிட் வேண்டும். அது ஓர் இரவுக்கு. ஒரு வாரம் மழை மூட்டமாக இருந்தால் அதுவும் கைகொடுக்காது.

இங்கேதான் மேலாண்மை என்ற பாதி உள்ளே வருகிறது. கிடங்கின் வெப்பநிலையை அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் பகலில் ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகக் குளிர்வித்து வைத்தால் மாலையில் கம்ப்ரஸர் ஓடும் நேரம் குறையும். கதவு இடுக்குகளை அடைத்து, ஆவியாக்கியில் படியும் பனியை நீக்கும் நேரத்தை ஒழுங்குபடுத்தி, சுமையையே 13.7-லிருந்து 11-க்கு இறக்கினால் 80 கிலோவாட் தகடே தேவைப்படாது. தேவையை முதலில் குறை, பிறகு நேரத்தை நகர்த்து, கடைசியில் உற்பத்தியின் அளவைத் தீர்மானி என்பதுதான் சரியான வரிசை. தலைகீழாகச் செய்தால் தேவையில்லாத தகட்டுக்கும் மின்கலத்துக்கும் பணம் போய்விடும். படிப்பின் இரண்டு பாதிகளையும் தனித்தனியாகப் படிக்காதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுவே காரணம்.

சராசரி எப்படியெல்லாம் ஏமாற்றும் என்பதைக் காற்றாலைப் பாடத்தில் இன்னும் கூர்மையாகப் பார்ப்பீர்கள். காற்றிலுள்ள திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். பாதி நேரம் நொடிக்கு 4 மீட்டர், பாதி நேரம் 8 மீட்டர் வீசினால் சராசரி 6. ஆறின் மும்மடி 216. ஆனால் 64, 512 என்ற இரண்டு மும்மடிகளின் சராசரி 288. சராசரி வேகத்தை மட்டும் வைத்துக் கணித்தவர் காற்றிலிருந்த ஆற்றலில் கால் பங்கைத் தவறவிட்டுவிட்டார். அதனால்தான் எந்த வேகம் எவ்வளவு நேரம் வீசுகிறது என்பதைச் சொல்லும் வீபல் பரவலைக் கற்றுத்தருகிறார்கள். அதை வெறும் சூத்திரமாக மனப்பாடம் செய்கிறவர்கள் அது எதற்கு வந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். காற்றிலிருந்து அதிகபட்சம் 59.3 விழுக்காட்டை மட்டுமே எடுக்க முடியும் என்ற பெட்ஸ் எல்லையை எல்லாரும் நினைவில் வைத்திருப்பார்கள். களத்தில் கணக்கைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இந்தச் சராசரிதான்.

சூரிய மின்னியலில் கவனிக்க வேண்டிய மணிகள் இரண்டு. ஒன்று உச்சி வெயில். தகட்டின் பெயர்ப்பலகைத் திறன், சதுர மீட்டருக்கு 1,000 வாட் கதிர்வீச்சிலும் தகட்டிலுள்ள செல்லின் வெப்பநிலை 25 டிகிரியாக இருக்கும்போதும் அளந்தது. காற்று 35 டிகிரியாக இருக்கும் நண்பகலில் செல் 65 டிகிரியைத் தாண்டும். படிகச் சிலிக்கனுக்கு டிகிரிக்கு 0.35 விழுக்காடு இழப்பு என்று வைத்தால் அந்த நேரத்தில் 14 விழுக்காடு போய்விடும். வெயில் அதிகம் என்பதால் உற்பத்தியும் அதே விகிதத்தில் அதிகம் என்று எண்ணிவிடக் கூடாது.

இன்னொன்று, ஆண்டிலேயே மிகக் குளிர்ந்த நாளின் விடியல். இது ஆபத்தான மணி. குளிரில் தகட்டின் மின்னழுத்தம் ஏறும். திறந்த சுற்று மின்னழுத்தம் (மின்னோட்டம் எடுக்காதபோது தகட்டில் இருப்பது) 50 வோல்ட், வெப்பநிலைக் கெழு, அதாவது ஒரு டிகிரி குறைந்தால் அது ஏறும் அளவு, 0.28 விழுக்காடு என்று கொள்வோம். பூஜ்யத்துக்குக் கீழ் 5 டிகிரியில், அதாவது அளவீட்டு நிலையிலிருந்து 30 டிகிரி குறைவில், அது 54.2 வோல்ட் ஆகும். இன்வெர்ட்டரின் உச்ச வரம்பு 1,000 வோல்ட். 50 வோல்ட் கணக்கில் 20 தகடுகளைத் தொடராக இணைத்தால் சரியாக 1,000 என்று தோன்றும். குளிர்ந்த விடியலில் இன்வெர்ட்டர் வேலையைத் தொடங்கும் முன் அந்தத் தொடரில் 1,084 வோல்ட் நிற்கும். இன்வெர்ட்டரின் உள்சுற்று பழுதாகலாம். 18 தகடு போட்டால் 976 வோல்ட், பாதுகாப்பானது. இந்தக் கணக்கை மென்பொருளிடம் விடாமல் கையால் போட்டுப் பழகுங்கள். பிவிசிஸ்ட், ஹோமர் போன்ற வடிவமைப்பு மென்பொருள்கள் தேவைதான். ஆனால் தவறான தரவைக் கொடுத்தாலும் அவை அழகான வரைபடத்தைத் தந்துவிடும். விடை எந்த அளவில் இருக்க வேண்டும் என்பது உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால்தான் பிழை கண்ணில் படும்.

இனி தணிக்கை, அதாவது ஆற்றல் எங்கே வீணாகிறது என்று அளந்து கண்டுபிடிக்கும் வேலை. இயந்திரப் பொறியியலிலிருந்து வரும் உங்களுக்கு இது சொந்த நிலம். பம்பின் வேகத்தைக் குறைத்தால் திறன் மும்மடியில் குறையும், 80 விழுக்காடு வேகத்தில் 51 விழுக்காடு திறன்தான் வேண்டும் என்று படித்திருப்பீர்கள். உராய்வை மட்டும் எதிர்த்து நீரைச் சுற்றவிடும் மூடிய குழாய் வலையில் இது ஏறத்தாழப் பொருந்தும். நீரை உயரத்துக்கு ஏற்றும் பம்பில் பொருந்தாது. தண்ணீரை 25 மீட்டர் உயரத்திலுள்ள தொட்டிக்கு ஏற்ற வேண்டும். பம்பு வால்வு மூடிய நிலையில் 36 மீட்டர் அழுத்தம் (அவ்வளவு உயர நீர்த்தம்பத்தைத் தாங்கும் அழுத்தம்) தருகிறது. அழுத்தம் வேகத்தின் இருமடியில் மாறுவதால் 80 விழுக்காடு வேகத்தில் அது 23 மீட்டர்தான். சேமிப்பு இருக்கட்டும், தொட்டிக்கு ஒரு சொட்டுக்கூட ஏறாது. சேமிப்பு அறிக்கைகளில் மும்மடி விதியைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவது மிகப் பரவலான தவறு.

அழுத்தக் காற்றுக்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. ஆலையில் காற்றைப் பயன்படுத்தும் எந்த வேலையும் நடக்காத நேரத்தில் கம்ப்ரஸரை ஓட விட்டு, அது சுமையோடு ஓடும் நேரத்தையும் சுமையின்றி ஓடும் நேரத்தையும் நிறுத்துக் கடிகாரத்தால் குறியுங்கள். 2 நிமிடம் சுமை, 8 நிமிடம் சும்மா என்றால் கம்ப்ரஸரின் கொள்திறனில் ஐந்தில் ஒரு பங்கு கசிவாகப் போகிறது. ஒரே சுற்றை நம்பாமல் பல சுற்றுகள் குறித்துச் சராசரி எடுங்கள்.

சேமிப்பை நேரடியாக அளக்க முடியாது என்பதையும் தொடக்கத்திலேயே உள்வாங்கிக்கொள்ளுங்கள். செலவழிந்ததை மீட்டர் காட்டும். செலவழியாததைக் காட்டும் மீட்டர் இல்லை. மாற்றம் செய்யாமலிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று மதிப்பிட்டு, அதிலிருந்து உண்மையான அளவைக் கழிக்க வேண்டும். ஓர் ஆலையின் மாதச் செலவு 40,000 யூனிட் நிலையானது, அதோடு டன்னுக்கு 2.5 யூனிட் என்று தரவு காட்டுகிறது. மாதம் 20,000 டன் உற்பத்தியில் டன்னுக்கு 4.5 யூனிட். உற்பத்தி 30,000 டன்னுக்கு ஏறினால் டன்னுக்கு 3.83. ஒரு திருகாணியைக்கூட யாரும் தொடவில்லை. ஆனால் அறிக்கையில் 15 விழுக்காடு முன்னேற்றம்! ஐ.எஸ்.ஓ 50001 தரநிலை (2011-இல் வந்தது, 2018-இல் திருத்தப்பட்டது) அடிப்படை நிலையையும் செயல்திறன் குறியீட்டையும் வற்புறுத்துவது இப்படிப்பட்ட மாயத்தைத் தவிர்க்கத்தான். அந்த 40,000 யூனிட் ஏன் எப்போதும் எரிகிறது என்று கேட்பதே நல்ல தணிக்கையாளரின் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். விடை பெரும்பாலும் இரவு 2 மணியின் மீட்டர் அளவில் கிடைக்கும்.

பொருளாதாரம், சட்டம் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போட்ட பணம் எத்தனை ஆண்டில் திரும்பும் என்ற எளிய கணக்கோடு நிற்காமல் வருங்கால வரவு செலவுகளை இன்றைய மதிப்புக்கு மாற்றிக் கூட்டும் நிகர இன்றைய மதிப்பைப் போடப் பழகுங்கள். தகடு 25 ஆண்டு உழைத்தாலும் இன்வெர்ட்டரை இடையில் ஒரு முறையாவது மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். சட்டப் பாடத்தில் கட்டண அமைப்பை மட்டும் விடாமல் படியுங்கள். உச்ச நேரக் கட்டணமும் (நெரிசலான மணிகளில் யூனிட்டுக்குக் கூடும் விலை) உச்சத் தேவைக் கட்டணமும் (நீங்கள் இழுத்த அதிகபட்சக் கிலோவாட்டுக்கான கட்டணம்) புரியாமல் எந்தத் திட்டத்தின் வருமானத்தையும் கணிக்க முடியாது.

ஆய்வேட்டைப் பொறுத்தவரை, தலைப்பைத் தேடுவதற்கு முன் தரவைத் தேடுங்கள். ஓர் ஆண்டுக்கான 15 நிமிட மீட்டர் தரவு எந்தக் கட்டடத்திலிருந்தோ ஆலையிலிருந்தோ கிடைக்கும் என்பதை எழுத்தில் உறுதிசெய்த பிறகே முன்மொழிவை எழுதுங்கள். "ஒரு நாட்டின் நூறு விழுக்காடு புதுப்பிக்கத்தக்க ஆற்றல்" போன்ற பரந்த தலைப்புகள் ஆறு மாதத்தில் முடியாது. 30 டிகிரியில் கழிவுநீர் வெளியேறும், 80 டிகிரியில் வெந்நீர் தேவைப்படும் ஓர் ஆலையில் பாய்லருக்குப் பதில் வெப்பப் பம்பு வைக்கலாமா என்பது நல்ல தலைப்பு. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை யூனிட் வெப்பம் கிடைக்கும் என்பதன் கொள்கை எல்லை, வெந்நீரின் கெல்வின் வெப்பநிலையான 353-ஐ வெப்பநிலை வேறுபாடான 50-ஆல் வகுத்தால் 7. நடைமுறையில் அதில் பாதியை எதிர்பார்க்கலாம். உண்மையான ஆய்வு அடுத்ததில் இருக்கிறது: கழிவுநீர் வரும் மணியும் வெந்நீர் கேட்கும் மணியும் ஒத்துப்போகின்றனவா? ஒத்துப்போகாவிட்டால் தொட்டி எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்? ஒரு கன மீட்டர் நீர், 20 டிகிரி வேறுபாட்டில் 23 யூனிட் வெப்பத்தைத் தாங்கும் என்பதிலிருந்து தொடங்கலாம்.

தரவு வந்ததும் முதல் வாரத்தை அதைச் சரிபார்க்க ஒதுக்குங்கள். செயற்கைக்கோள் கதிர்வீச்சுத் தரவு பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். மீட்டர் உள்ளூர் நேரத்தில் இருக்கும். இரண்டையும் அப்படியே ஒட்டினால் சூரியன் சில மணி தள்ளி உதிக்கும், சுயநுகர்வு விழுக்காடு (சூரிய உற்பத்தியில் அங்கேயே பயன்படும் பங்கு) முழுவதும் பொய்யாகும். முகிலற்ற ஒரு நாளை வரைந்து, உச்சம் அந்த இடத்தின் சூரிய நண்பகலில் விழுகிறதா என்று பாருங்கள். நேரமுத்திரை இடைவெளியின் தொடக்கத்தைக் குறிக்கிறதா முடிவைக் குறிக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். விடுபட்ட அளவுகளைச் சுழியத்தால் நிரப்பாதீர்கள். அலகுகளிலும் கவனம் வேண்டும். ஹைட்ரஜனின் ஒரு கிலோவில் மேல் வெப்ப மதிப்பில் (எரியும்போது உண்டாகும் நீராவி குளிர்ந்து நீராகும் வெப்பத்தையும் சேர்த்து) 39.4 கிலோவாட் மணி, கீழ் வெப்ப மதிப்பில் (அதைச் சேர்க்காமல்) 33.3. எதை அடிப்படையாகக் கொண்டீர்கள் என்று சொல்லாமல் எழுதிய செயல்திறனுக்குப் பொருளே இல்லை.

கடைசியாக மின்னியல். கண்டிப்பாகச் சமாளிக்கலாம். முழு மின்பொறியியலும் உங்களுக்கு வேண்டியதில்லை. மும்முனை மின்சுற்று, மின்காரணி (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிய அளவில் உண்மையான திறனின் பங்கு), மின்மாற்றியின் இழப்புகள், தூண்டல் மோட்டார் ஆகிய நான்கையும் வகுப்பு தொடங்கும் முன் படித்துவிடுங்கள். இயந்திரப் பொறியாளர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்றே. கிளாம்ப் மீட்டரால் மின்னோட்டத்தை மட்டும் அளந்து, அதை வைத்து மோட்டாரின் சுமையைச் சொல்லிவிடுவார்கள். தூண்டல் மோட்டார் சுமையே இல்லாமல் சுழலும்போதும் காந்தப்புலத்தை உருவாக்க முழுச்சுமை மின்னோட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இழுக்கக்கூடும். உண்மையான திறன் அதில் மிகக் குறைவு. ஆகவே திறனை நேரடியாக அளக்கும் கருவியையே பயன்படுத்துங்கள். 400 வோல்ட் மும்முனையில் 20 ஆம்பியர், மின்காரணி 0.8 என்றால் உள்ளே போவது 11.1 கிலோவாட், மோட்டாரின் செயல்திறன் 90 விழுக்காடு என்றால் தண்டில் கிடைப்பது 10. இதே மோட்டார் பாதிச் சுமையில் ஓடும்போது மின்னோட்டம் ஏன் சரிபாதியாகக் குறையாது என்று உங்களால் ஒரு தாளில் படம் போட்டு விளக்க முடிந்தால், முதல் பருவத்து மின்னியல் பாடத்துக்கு நீங்கள் தயார்.

அன்புடன்,
ஆசிரியர்