குதிரைக் கேள்விகள்: சீசனின் கடைசி ஓட்டம்

இங்கிலாந்தில் மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் ‘பாயின்ட்-டு-பாயின்ட்’ சீசன் முடிவு என்று திருவிழா மாதிரி கொண்டாடுகிறார்களே, அது என்ன பந்தயம்?
– வாசகர், குன்னூர்

தொழில்முறை ஜாக்கிகள் இல்லாமல், அமெச்சூர் சவாரிக்காரர்கள் வேலி தாண்டி ஓடும் பந்தயம். வழக்கமான தூரம் 3 மைல். 1752இல் அயர்லாந்தில் பட்டவன்ட் தேவாலயத்திலிருந்து டோனரெய்ல் தேவாலயக் கோபுரத்தைக் குறிவைத்து இருவர் போட்டி போட்டு ஓடியதாகச் சொல்வார்கள். வேலி தாண்டும் ஓட்டத்துக்கு ‘ஸ்டீபிள்சேஸ்’ என்ற பெயர் அந்தக் கோபுரத்திலிருந்துதான் (ஸ்டீபிள்) வந்தது. சீசன் குளிர்காலம் தொடங்கும்போதே ஆரம்பித்துவிடும். கடைசிக் கூட்டத்துக்குக் குடும்பத்தோடு வந்து, காரின் டிக்கியைத் திறந்துவைத்துச் சாப்பிடுவார்கள். ஆனால் அந்த நேரத்தில் மழை குறைந்து தரை இறுகிக் கிடக்கும். முன்னங்கால் தசைநார் அடிபட இறுகிய தரையே போதும்.

மே மாதம் எங்கள் எஸ்டேட் மைதானத்தில் சவாரி பழகும் பிள்ளைகளுக்குச் சின்னதாக ஒரு தாண்டல் ஓட்டம் வைக்க ஆசை. வேலியை எப்படிக் கட்டுவது?
– வாசகர், ஊட்டி

பிள்ளைகளுக்கு 60 முதல் 70 செ.மீ. உயரம் போதும். அகலத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 5 மீட்டருக்குக் குறைந்தால் குதிரை பக்கவாட்டில் நழுவிப் போகத்தான் பார்க்கும். இரண்டு குதிரைகள் சேர்ந்து தாண்டுவதானால் 8 மீட்டர் விடுங்கள்.

மரச்சட்டத்துக்குள் சீகை (வாட்டில்) மரக் கிளைகளை நெருக்கமாகச் செருகி, சணல் கயிற்றால் கட்டுங்கள். கம்பி கூடவே கூடாது. வெட்டிய முனைகள் கீழே இருக்க வேண்டும்; மேலே வருவது மெல்லிய நுனி மட்டும். கிளைகள் குதிரை வரும் பக்கத்திலிருந்து சற்றுப் பின்னால் சாய்ந்திருக்கட்டும். செங்குத்தாக நின்றால் குதிரை காலைத் தூக்கும் இடத்தைத் தப்பாகக் கணக்குப் போடும். வேலிக்கு 30 செ.மீ. முன்னால் தரையில் ஒரு மரக்கோலைக் கிடத்துங்கள். அதைப் பார்த்துத்தான் குதிரை எம்பும். கோலுக்கு வெள்ளை அடியுங்கள், செம்மஞ்சள் வேண்டாம். குதிரையின் கண்ணுக்குச் செம்மஞ்சளும் புல்லின் பச்சையும் ஏறக்குறைய ஒன்றுதான். பிரிட்டனிலேயே பந்தய வேலிகளின் செம்மஞ்சள் பலகைகளை அண்மையில்தான் வெள்ளைக்கு மாற்றினார்கள்.

இடம் தேர்வதுதான் மலையில் பெரிய வேலை. இறக்கத்தில் வேலி வைக்காதீர்கள். சமதளம், இல்லாவிட்டால் லேசான ஏற்றம். வேலிக்கு முன் 20 மீட்டராவது நேர்ப்பாதை வேண்டும். குதிரை இறங்கும் பக்கம் 10 மீட்டரை நீங்களே நடந்து, குச்சியால் குத்திப் பாருங்கள். எஸ்டேட் நிலத்தில் புல் மூடிய பழைய வடிகால்கள் இருக்கும். கால் முறிவது அங்கேதான். கோடை மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும் என்பதால் காலை 11 மணிக்குள் முடித்துவிடுங்கள்.

சமவெளியிலிருந்து குதிரை கொண்டுவந்தால் இரண்டு மூன்று வாரம் பழகட்டும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். வந்த மறுநாளே ஓட்டினால் மூச்சு வாங்கும். ஓட்டம் முடிந்து அரை மணி நேரத்தில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 64க்குக் கீழே வராத குதிரையை அன்று மறுபடி ஓட்டக் கூடாது.

பரிசளிப்பு அன்று குதிரைக்கு மாலை போட்டு, வெல்லம் கொடுக்கலாமா?
– வாசகி, கொடைக்கானல்

ஒரு துண்டு வெல்லம் தாராளமாக. மாலையில் அரளி மட்டும் இருக்கவே கூடாது. பூ, இலை, தண்டு எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு, காய்ந்தாலும் வீரியம் போகாது. ஒரு கைப்பிடி இலை ஒரு குதிரையைக் கொல்லும். ரோஜா போடுங்கள், படம் எடுத்ததும் கழற்றிவிடுங்கள். பட்டாசு வேண்டாம்.

சீசன் முடிந்ததும் குதிரையை அப்படியே மேய்ச்சலில் விட்டுவிடலாமா?
– வாசகர், கோத்தகிரி

அப்படியே விடக் கூடாது. ஓட்டத்துக்கு மறுநாள் காலை நான்கு கால்களையும் தடவிப் பாருங்கள். ஒரு காலின் பின்புறம் மட்டும் சூடாகவோ தடிப்பாகவோ இருந்தால் குளிர்ந்த நீரை 20 நிமிடம் பாய்ச்சிவிட்டு, மருத்துவரைக் கூப்பிடுங்கள். நொண்டவில்லையே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். தசைநார் கிழிந்தால் தேற ஒன்பது மாதம், ஒரு வருடம் ஆகும்.

தானியத்தை மறுநாளே பாதியாக்குங்கள். வேலை நின்று தீனி நிற்காவிட்டால் பின்தொடைத் தசை இறுகிப் போகும், சிறுநீர் காப்பி நிறத்தில் வரும். பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை அரை கிலோ குறைத்து, அந்த இடத்தை உலர்புல்லால் நிரப்புங்கள். 450 கிலோ குதிரைக்கு உலர்தீனி நாளொன்றுக்கு 7 முதல் 9 கிலோ வேண்டும். கையில் பிடித்து அரை மணி நேரம் நடத்துவதை நிறுத்தாதீர்கள். மேய்ச்சல் முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். பல குதிரைகள் சேர்ந்து மேய்ந்தால் பின்னங்கால் லாடங்களைக் கழற்றிவிடுங்கள், உதைத்தால் காயம் குறையும்.

நம் மலையில் எங்கும் படர்ந்திருக்கும் கிக்கியூ புல்லில் ஆக்சலேட் அதிகம், அது கால்சியத்தைக் கட்டிப்போடும். மாதக்கணக்கில் அதையே மேய்ந்தால் முகத்து எலும்பு வீங்கும், கால் மாறி மாறி நொண்டும். தினமும் கொஞ்சம் குதிரை மசால் (லூசர்ன் தீவனம்) கலந்து கொடுங்கள். தாது உப்புக் கலவையின் அளவை மருத்துவரிடம் கேளுங்கள். தவிட்டை அள்ளிப் போடாதீர்கள், அதிலுள்ள பாஸ்பரஸ் கோளாறை இன்னும் கூட்டும்.

ஜூன் மழையில் காலில் சேறு அப்பினால் உடனே கழுவித் தேய்க்க வேண்டாம். காயவிட்டு, பிரஷ்ஷால் உதிர்த்துவிடுங்கள். ஈரத்தோடு தேய்த்தால் குளம்புக்கு மேலே தோல் வெடித்துப் புண்ணாகும்.