நோயாளிகளை விட்டுவிட்டு ஆய்வகத்துக்குப் போகலாமா?

கேள்வி: பிசியோதெரபி முடித்து ஐந்து வருடமாக மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் தொடை வலு திரும்புவதில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ள, தசை ஆராய்ச்சியில் முனைவர் பட்டம் செய்ய ஆசை. ஆனால் செல் உயிரியல் என்றாலே உதறல். வேலையை விட்டுவிட்டுப் பிறகு தவிப்பேனோ? பேராசிரியர் ஆவதெல்லாம் நடக்கிற காரியமா?

பதில்: பயங்களை அப்புறம் பார்ப்போம். அந்தத் தொடை விஷயத்துக்கு முதலில் வருகிறேன், ஏனென்றால் உங்கள் ஆய்வுத் தலைப்பே அதுதான்.

வலு குறைய இரண்டு காரணங்கள் இருக்கலாம். தசையே மெலிந்திருக்கலாம். அல்லது தசை இருந்தும், வீங்கிய மூட்டிலிருந்து போகும் சமிக்ஞைகள் தண்டுவடத்தில் குறுக்கிட்டு, நரம்பு அதை முழுமையாக இயக்கவிடாமல் தடுக்கலாம். இரண்டையும் பிரித்தறிய வழி உண்டு. நோயாளியை முழு பலத்தோடு காலை நீட்டச் சொல்லி, அந்த நேரத்தில் தசைக்கு ஒரு சிறு மின்தூண்டல் கொடுத்தால், விசை எகிறுகிறதா? எகிறினால், அவர் தன் தசை முழுவதையும் பயன்படுத்தவில்லை. உடலியல் ஆய்வாளர் மெர்ட்டன் 1954-இல் கட்டைவிரல் தசையில் இதைச் செய்துகாட்டினார். இதோடு அல்ட்ராசவுண்டில் தசையின் தடிமனையும் அளந்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். இதில் நீங்கள் பயப்படும் செல் உயிரியல் எங்கே வந்தது?

1990-இல் ஃபியாட்டரோன் என்ற ஆய்வாளரின் குழுவினர், சராசரியாக 90 வயதானவர்களுக்கு எட்டு வாரம் கடினமான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத் தசையின் பரப்போ 9 சதவீதம்தான். மீதி வலு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் தினமும் சிகிச்சை மேசையருகே நின்று கேட்பதும் அதே கேள்விதானே?

அதனால் எலியின் செல்களை மட்டும் வைத்து வேலை செய்யும் ஆய்வகத்தில் போய் முதலிலேயே மாட்டிக்கொள்ளாதீர்கள். மனிதத் தசையை ஆராயும் இடமாகப் பாருங்கள். பயாப்ஸி (தசைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது), தசை இழைகளின் வகை, சாட்டிலைட் செல் (தசையைப் பழுதுபார்க்கும் செல்) எல்லாம் அங்கேயே, கேள்விக்குத் தேவைப்படும்போது படிந்துவிடும். கேள்வி இல்லாமல் நுட்பம் மட்டும் கற்றவர்கள்தான் பிற்பாடு திணறுகிறார்கள்.

பட்டம் விஷயத்தில் குழப்பம் வேண்டாம். டி.பி.டி. (டாக்டர் ஆஃப் பிசிக்கல் தெரபி) என்பது சிகிச்சைத் தொழிலுக்கானது. ஆராய்ச்சிப் பாதைக்கு வேண்டியது பிஎச்.டி. அது முடிய நாலைந்து வருடம், அதன்பிறகு பெரும்பாலும் போஸ்ட்டாக், அதாவது பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி. அந்த நாட்களில் வருமானம் குறையும், நிதி விண்ணப்பங்கள் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்படும். இதை மறைத்துப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள். பேராசிரியர் பதவிக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் நோயாளியைத் தொட்டுப் பழகிய கையும் தசையை அளக்கத் தெரிந்த மூளையும் ஒரே ஆளிடம் இருப்பது அபூர்வம். தேர்வுக் குழுக்களுக்கும் அது தெரியும்.

பல்கலைக்கழகத்தின் பெயரைவிட வழிகாட்டியைப் பாருங்கள். அவரிடம் படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், கட்டுரைகளில் மாணவர் பெயர் முதலில் வருகிறதா, எத்தனை பேர் பாதியில் போனார்கள் என்று விசாரியுங்கள். அவர் இல்லாத நேரத்தில் அங்குள்ள மாணவர்களிடம் பேசுங்கள். அரை மணி நேரத்தில் உண்மை வெளியே வந்துவிடும்.

வேலையை முழுசாக விடவேண்டும் என்று யார் சொன்னது? உதவித்தொகை விதிகள் இடம் கொடுத்தால் வாரத்தில் அரை நாளாவது நோயாளிகளைப் பாருங்கள். ஆய்வுக்கு ஆள் சேர்க்கவும் அது உதவும்.

இந்த மாதம் ஒரு காரியம் செய்யுங்கள். வலு திரும்பியவர்களுக்கும் திரும்பாதவர்களுக்கும் என்ன வித்தியாசம் கண்டீர்கள் என்று, யாருடைய பெயரும் அடையாளமும் இல்லாமல், ஒரே பக்கத்தில் எழுதுங்கள். அதை இணைத்து மூன்று பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். மதிப்பெண் பட்டியலை அவர்கள் கேட்டால் அப்போது கொடுக்கலாம்.