‘போதும், நிறுத்து’ என்று சொல்ல ஆள் இல்லை
வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஜப்பானின் வடக்குக் கோடியான சோயா முனையில் ஆகஸ்ட் கடைசியில் கிளம்பி, தெற்கே சாதா முனைக்கு அக்டோபர் கடைசியில் போய்ச் சேர்ந்த சைக்கிள் பயணத்தைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். நேர்வழியில் போனாலே 2,700 கிலோமீட்டர் பக்கம் வரும், நான் சுற்றியதில் மூவாயிரத்தைத் தாண்டிவிட்டது. வந்த கடிதங்களில் பாதி செலவைப் பற்றி. கூடாரம் போட்ட நாட்களில் சாப்பாட்டோடு சேர்த்து 3,000 யென்னுக்குள் முடிந்தது, விடுதியில் தங்கிய நாட்களில் அதைப் போல மூன்று மடங்கு. அவ்வளவுதான். இனி மற்ற கேள்விகள்.

எனக்கு 46 வயது. தினமும் பத்து கிலோமீட்டர் ஓட்டுகிறேன். உங்களைப் போலப் போக ஒரு நாளைக்கு எவ்வளவு ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்? (ஈரோடு வாசகர்)

ஓட்டுவதில் ஒன்றும் இல்லை சார். சுமையோடு அறுபது கிலோமீட்டர், நடுநடுவே டீ குடித்து, படம் எடுத்து, மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனாலும் சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். உங்களால் இரண்டு மாதத்தில் பழகிக்கொள்ள முடியும். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு பேராகப் போனால் ஒருவர் முகத்தைப் பார்த்து இன்னொருவர் “போதும், நிறுத்து” என்பார். தனியாகப் போகிறவனுக்கு அதைச் சொல்ல ஆள் கிடையாது, தான் களைத்துவிட்டோம் என்பதும் அவனுக்குத் தெரியாது. முதல் வாரம் வடக்குத் தீவான ஹொக்கைடோவின் மேற்குக் கடலோரத்தில் ஒரு நாள் காற்று முதுகைத் தள்ளியதில் குஷியாகி 118 கிலோமீட்டர் போய்விட்டேன். மறுநாள் அதே காற்று முகத்தில். முட்டி வீங்கி, மூன்று நாள் ஒரே முகாமில் படுத்துக் கிடந்தேன். கூட்டிக் கழித்தால் லாபம் என்ன?

அதற்கப்புறம் ஒரே விதிதான்: மூன்று மணிக்கு எங்கே இருக்கிறேனோ அதை ஒட்டி இடம் தேடுவது. ஜப்பானில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே கடிகாரத்தோடு ஒப்பிட்டால் சூரியன் சீக்கிரம் எழுந்து சீக்கிரம் படுத்துவிடும். செப்டம்பர் கடைசியில் நீகாதா பக்கம் ஐந்தரைக்கெல்லாம் அஸ்தமனம். நம் ஊர்க் கணக்கில் “ஆறரை வரை வெளிச்சம் இருக்கும்” என்று நினைத்தால் காட்டுப்பாதையில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஜப்பானில் சுரங்கப்பாதைகள் அதிகம் என்கிறார்களே, சைக்கிளில் போக பயமாக இருக்காதா? (மதுரை வாசகி)

இருக்கும். பயப்படத்தான் வேண்டும். புதிய சுரங்கங்களில் ஓரமாக நல்ல நடைபாதை இருக்கும், அதில் தள்ளிக்கொண்டு போய்விடலாம். பழைய சுரங்கங்களில் வெள்ளைக் கோட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண்தான் இடம். உள்ளே ஒரு லாரி நுழைந்தால் அந்தச் சத்தம் நாலு பக்கமும் மோதி, லாரி முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்றே தெரியாமல் போகும். பகலிலும் பின்விளக்கு எரிய வேண்டும், ஒளிரும் சட்டை போட வேண்டும், நுழைவதற்கு முன் பின்னால் வண்டி வராத இடைவெளிக்குக் காத்திருக்க வேண்டும். சில இடங்களில் மலையைச் சுற்றிப் பழைய சாலை விட்டுவைத்திருப்பார்கள், அது கிடைத்தால் நாலு கிலோமீட்டர் கூடினாலும் அதில் போங்கள்.

நான் ஓட்டாமல் விட்ட இடமும் ஒன்று உண்டு. நீகாதா மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், இதோய்காவா ஊரைத் தாண்டி மலை நேராகக் கடலில் இறங்குகிற ஒயாஷிராசு. பெயருக்கு ஏறக்குறைய ‘பெற்றவரை அறியாத இடம்’ என்று அர்த்தம். சாலை இல்லாத காலத்தில் அலைக்கும் பாறைக்கும் நடுவே ஓடித்தான் கடக்க வேண்டுமாம், அந்த ஓட்டத்தில் பெற்றவர் பிள்ளையையும் பிள்ளை பெற்றவரையும் திரும்பிப் பார்க்க முடியாதாம். இன்று அதே இடத்தில் எட்டாம் எண் தேசிய நெடுஞ்சாலை, கல் விழாமல் இருக்கக் கட்டிய கூரைகளுக்கு அடியில் வளைந்து வளைந்து போகிறது, ஓரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, சரக்கு லாரிகள் வரிசையாக. அந்தக் கூரைச் சாலை தொடங்கும் இடத்தில் நின்று பத்து நிமிடம் பார்த்தேன். திரும்பி இதோய்காவா வந்து ரயில் ஏறிவிட்டேன்.

அண்ணா, ரயிலில் ஏறினால் ‘முழு ஜப்பானையும் சைக்கிளில் கடந்தேன்’ என்று சொல்ல முடியாதே? (கல்லூரி மாணவர், திருச்சி)

சொல்ல முடியாதுதான் தம்பி. நானும் சொல்லவில்லை. வடக்குத் தீவிலிருந்து பெரிய தீவான ஹொன்ஷூவுக்குக் கடலடியில் வரும் சேக்கான் சுரங்கம் கிட்டத்தட்ட 54 கிலோமீட்டர், அதில் ரயில் மட்டும்தான் போகும். ஹக்கோதாத்தேயிலிருந்து அவொமோரிக்கு என்னைப் போன்ற சைக்கிள்காரர்கள் கப்பலில்தான் வருகிறார்கள், மூன்றே முக்கால் மணி நேரம் நன்றாகத் தூங்கிக்கொண்டு. அப்படியிருக்க ஒயாஷிராசுவில் மட்டும் ரோஷம் எதற்கு? கூட ஒரு நண்பன் வந்திருந்தால் “வேண்டாம்டா” என்றிருப்பான், அவன் இல்லாததால் அவனுக்கும் சேர்த்து நானே சொல்லிக்கொண்டேன்.

ரயிலில் ஏற்ற சைக்கிளை மடக்கியோ சக்கரத்தைக் கழற்றியோ முழுவதும் பைக்குள் போட வேண்டும். ஹேண்டில்பார் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால்கூட விடமாட்டார்கள். இப்படிக் கொண்டுபோவதற்கு ‘ரின்க்கோ’ என்று பெயர். க்-கை அழுத்திச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ‘ரிங்கோ’, அதாவது ஆப்பிள் ஆகிவிடும். அவொமோரி வேறு ஆப்பிளுக்குப் பேர்போன இடம், நான் ரயில் நிலையத்தில் கேட்டபோது அங்கிருந்த ஓர் அம்மா பழக்கடைக்குக் கை காட்டினார்.

ஹொன்ஷூவிலிருந்து தெற்குத் தீவான கியூஷூவுக்குப் போக மட்டும் ரயிலும் வேண்டாம், கப்பலும் வேண்டாம். ஷிமொனொசெகியில் லிஃப்டில் சைக்கிளோடு இறங்கினால், கடலுக்கு அடியில் 780 மீட்டர் நடைபாதை. 1958-இல் திறந்தது. நடக்கிறவர்களுக்கு இலவசம், சைக்கிளுக்கு 20 யென், பெட்டியில் நாமே போட்டுவிட்டு உருட்டிக்கொண்டு போக வேண்டும். நடுவில் மாநில எல்லைக் கோடு வரைந்திருக்கிறார்கள். காலையில் உள்ளூர்த் தாத்தா பாட்டிகள் அங்கே வாக்கிங் போகிறார்கள், நான் பெருங்கடலைக் கடக்கும் பாவனையில் போனேன், யாரும் கண்டுகொள்ளவில்லை.

சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா? (கும்பகோணம் வாசகர்)

கிடக்க வேண்டாம், ஆனால் ஏமாறுவீர்கள். காய்கறி சூப் என்று நம்பிக் குடிப்பதிலும், மிசோ சூப்பிலும், நூடுல்ஸ் குழம்பிலும் காய்ந்த மீன் சீவல் போட்டுக் காய்ச்சிய ‘தாஷி’ இருக்கும். கறி இருக்கிறதா என்று கேட்டால் “இல்லை” என்பார்கள், அது உண்மையும்கூட, மீனை யாரும் கறியில் சேர்ப்பதில்லை. சோற்று உருண்டையில் ‘உமெபோஷி’ என்ற உப்பில் ஊறிய பழம் வைத்தது கிடைக்கும், புளிப்பும் உப்புமாக நம் ஊறுகாய்க்குத் தூரத்துச் சொந்தம். என்னைக் காப்பாற்றியது தயிர்சாதம். இருபத்துநாலு மணி நேரக் கடைகளில் வெந்த சோறு டப்பாவில் விற்கிறார்கள், மைக்ரோவேவில் சூடாக்கித் தருவார்கள், இனிக்காத தயிர் 400 கிராம் டப்பாவில் கிடைக்கும். ஊரிலிருந்து மாவடு கொண்டுபோயிருந்தேன். பச்சைக் கறிவேப்பிலை, பழம் எல்லாம் கொண்டுபோகாதீர்கள், விமான நிலையத்திலேயே வாங்கிவைத்துக்கொள்வார்கள்.

ஹொக்கைடோவில் ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. அங்குள்ள நரிகளின் கழிவு வழியாக எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழு பரவுகிறது, அது கல்லீரலில் போய் உட்காரும். கரடியும் உண்டு. சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள்.

பெண் தனியாகப் போகலாமா? (கோவை வாசகி)

ஆண் நான் “தாராளமாகப் போங்கள்” என்று எழுதிவிட்டுக் கையைத் தட்டிக்கொள்வது சுலபம். வழியில் ஒரு முகாமில், தனியாக ஓட்டிக்கொண்டிருந்த ஜப்பானியப் பெண்ணிடம் இதைக் கேட்டேன். பாலத்தடியிலும் ஆளில்லாத பூங்காவிலும் கூடாரம் போடுவதில்லை, குடும்பங்கள் தங்கும் முகாமாகப் பார்ப்பேன், இன்றிரவு எங்கே என்பதை வழியில் யார் கேட்டாலும் சொல்லமாட்டேன் என்றார். மூன்றாவதை நான் அதுவரை யோசித்ததே இல்லை, டீக்கடை டீக்கடையாக என் முழுத் திட்டத்தையும் ஒப்பித்துக்கொண்டு வந்திருந்தேன்.

நாற்பது வருடமாகச் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். எந்த டியூப், என்னென்ன சாமான் எடுத்துப் போனீர்கள்? (தென்காசி)

ஐயா, உங்களுக்கு ஒரு செய்தி. அங்கே வீட்டம்மாக்கள் கூடை வைத்து ஓட்டுகிற சைக்கிள்களில் நம் ஊர் வால்வேதான், பம்பும் அதற்குத்தான் எல்லாக் கடையிலும் கிடைக்கும். என் சைக்கிளுக்கு மெல்லிய பிரெஸ்டா வால்வு, அதனால் பித்தளையில் சின்ன அடாப்டர் ஒன்று வாங்கிச் சொருகிக்கொண்டேன். பஞ்சர் இரண்டே இரண்டு. ஸ்போக்ஸ் கம்பிதான் மூன்று தடவை போனது, பின் சக்கரத்தில், அதுவும் பல்சக்கரம் இருக்கிற வலது பக்கத்தில். சுமை முழுக்கப் பின் கேரியரில் ஏற்றினால் வேறென்ன ஆகும் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பாதிச் சாமானை முன்னால் மாற்றி, குளிர் உடுப்புகளைக் கூரியரில் தெற்கே ஒரு விடுதிக்கு அனுப்பிவிட்டேன். அப்புறம் ஒரு கம்பியும் உடையவில்லை.

இந்தியர்கள் இதை முன்பே செய்திருக்கிறார்களா? (சென்னை)

செய்யாமலா! 1923-இல் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் உலகைச் சுற்றக் கிளம்பினார்கள். ஆதி ஹகிம், ஜல் பாபாசோலா, ருஸ்தம் பும்காரா என்ற மூன்று பேர் மட்டும் 1928-இல் முழுச் சுற்றையும் முடித்துத் திரும்பினார்கள். சுமார் 71,000 கிலோமீட்டர். கியர் இல்லாத சைக்கிள், செல்போன் கிடையாது. அதற்கும் முன்னால் தாமஸ் ஸ்டீவன்ஸ் என்ற ஆங்கிலேயர், முன் சக்கரம் நெஞ்சளவு உயரம் இருக்குமே அந்தப் பழைய சைக்கிளில் நம் கிராண்ட் டிரங்க் சாலையில் எல்லாம் ஓட்டி, நாகசாகியிலிருந்து யோக்கோஹாமா வரை போய், 1886 டிசம்பரில் பயணத்தை முடித்தார். அந்தக் காலச் சாலையில், அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்துகொண்டு. எனக்குப் பதினெட்டு கியர் இருந்தும் மேட்டில் தள்ளிக்கொண்டுதான் போனேன்.

தனிமை வாட்டவில்லையா? (பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர்)

முதல் பத்து நாள் வாட்டியது. பிறகு சைக்கிளோடு பேச ஆரம்பித்தேன், அதுவும் ஏக வசனத்தில். சாதா முனையில் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பெரிதாக ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்தேன். “சரி, மணி ரெண்டே முக்கால் ஆச்சு, இடம் பார்க்கணும்” என்றுதான் தோன்றியது.